முன்பு என்பது நான்

4 பிப்ரவரி

மாஸ்டருக்கு,

நீ என் உடம்பைத் திருடிவிட்டாய்.

உங்கள் ஜிம்மின் புதிய கிளை எங்கள் ஊருக்கும் வருகிறதாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய பலகை வைத்திருக்கிறீர்கள். அதில் இரண்டு படம். இடது பக்கம் ‘முன்பு’, வலது பக்கம் ‘பின்பு’, நடுவில் மஞ்சள் அம்புக்குறி. ‘பன்னிரண்டே வாரம். அதே மனிதர். புது உடம்பு’ என்று கீழே எழுதியிருக்கிறது. வலது பக்கம் எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டு நிற்பது நீ. இடது பக்கம் நான்.

அந்தப் படம் எப்போது எடுத்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, குளிக்கப் போவதற்காகச் சட்டையைக் கழற்றிவிட்டு, நீல டவுசரோடு எங்கள் அறைச் சுவரோரம் நின்றேன். நீ எதிரே போனைப் பிடித்துக்கொண்டிருந்தாய். யாருக்கோ சாவுச் செய்தி எழுதுகிறாய் என்று நினைத்தேன். மாஸ்டர், அந்தப் படத்தில் என் தோள் தொங்குவது பயிற்சி இல்லாததால் அல்ல. அம்மா செத்துப்போனதால்.

கிடங்கில் இப்போது யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “டேய் முன்பு, கொக்கியை எடு.” “முன்பு சாப்பிட்டாச்சா?” நேற்று கூட வேலை பார்க்கிற மொட்டை என் முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டு, “மச்சான், அம்புக்குறியெல்லாம் போட்டுட்டாங்க. சீக்கிரம் பின்பு ஆயிடு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்த மூட்டையைக் கோணலாக ஏற்றுவார்கள்.

போனில் சொல்லலாம் என்று பார்த்தால் என் எண்ணை நீ தடுத்துவைத்திருக்கிறாய். கடிதத்தைத் தடுக்க முடியாது. உங்கள் வரவேற்பில் இருக்கிற பெண் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வாள்.

பலகையைக் கழற்று.

உன் கூடப் பிறந்தவன்


15 பிப்ரவரி

தம்பிக்கு,

அண்ணன் என்று எழுத உனக்குக் கை வரவில்லை. சில நிமிடம் முன்னால் வந்தாலும் முன்னால் வந்தவன் நான்தான். போகட்டும். எண்ணைத் தடுத்தேன், உண்மைதான். போனில் நீ கத்துவாய். தாளில் கத்த முடியாது, யோசித்துத்தான் எழுத வேண்டும். அது உனக்கும் நல்லது.

திருட்டு என்பது பெரிய வார்த்தை. அந்தப் படத்தில் இருக்கிற முகம் யாருடையது? என்னுடையதும்தான். நம்மைப் பெற்றவளே குளிப்பாட்டும்போது ஒருத்தனையே இரண்டு தடவை குளிப்பாட்டியிருக்கிறாள். ஊர்க்காரன் எவனுக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? பலகை என் சொத்தும் இல்லை, முதலாளியுடையது. அவர் ‘முன்பு’ படம் கேட்டார். என்னிடம் ‘முன்பு’ கிடையாது. பதினாலு வயதிலேயே விளையாட்டு விடுதிக்குப் போனவனுக்கு ஏது முன்பு?

நீ நாள் முழுக்கச் சுமக்கிறாய், ஆனாலும் ஒட்டிப்போய் இருக்கிறாய், நான் ஒரு மணி நேரம் தூக்கிவிட்டு இப்படி இருக்கிறேன் என்பதுதான் உன் வயிற்றெரிச்சல். அதற்கு நான் என்ன செய்ய? தசை வேலையில் வளர்வதில்லை. வேலையில் அது கிழிகிறது. சாப்பிட்டுப் படுத்தால் கட்டிலில் வளர்கிறது. என் வாடிக்கையாளர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது தூக்கத்தைத்தான். உழைத்தால் உடம்பு வளரும் என்றால் ஊரிலுள்ள லோடுமேன்கள் எல்லாரும் பலகையில் இருந்திருப்பார்கள்.

எனக்கும் சொல்ல இருக்கிறது. விடுதியில் முட்டை கிடைத்தது, பால் கிடைத்தது, பெல்ட்டால் அடியும் கிடைத்தது. நீ அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாய். நான் வென்ற ஒரு போட்டிக்காவது நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்களா? ‘அவனுக்கு வேலை, விட்டுட்டு வர முடியாது’ என்று அம்மா சொல்வாள். உனக்குத்தான் வேலை. அவளுக்கு என்ன?

பலகை இருக்கும். கஷ்டமாக இருந்தால் மீசை வளர்த்துக்கொள்.

அண்ணன்


22 பிப்ரவரி

மாஸ்டருக்கு,

மீசை விஷயத்தை என் மனைவிக்குப் படித்துக்காட்டினேன். “ஏங்க, திருடினவர் வளக்கட்டும். உங்களுக்கு எதுக்கு?” என்றாள்.

அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டாய். நீ விடுதிக்குப் போன மாதமே நான் கிடங்குக்குப் போனேன். உன் முட்டைக்கான காசு என் தோளில்தான் வந்தது. அம்மா அங்கேயே மூட்டை தைக்கிற வேலைக்கு வந்தாள். அவளுக்கும் விடுப்பு கிடையாது. இதை நீ கேட்டதே இல்லை. இப்போது கேட்டதால் சொன்னேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை. கோபத்தைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்திருக்கிறேன், ஏனென்றால் உன்னிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

எங்கள் கிடங்கை வேறு கம்பெனி வாங்கிவிட்டது. இதுவரை ஒருவன் ஏற்றிவிடுவான், ஒருவன் சுமப்பான். முதுகில் ஏறிவிட்டால் எனக்குக் கவலையே இல்லை, எவ்வளவு தூரம் என்றாலும் போவேன், களைப்பே தெரியாது. இனி ஏற்றிவிடுகிற ஆள் கிடையாதாம். தரையில் கிடக்கிற மூட்டையை ஒவ்வொருவனும் தானே தோளுக்குத் தூக்க வேண்டும். ஜூனில் எல்லாருக்கும் தேர்வு வைக்கிறார்கள். தூக்கினவனுக்கு வேலை நிரந்தரம். தூக்காதவனுக்கு வேலையும் இல்லை, கம்பெனி கொடுத்த இந்த அறையும் இல்லை.

முயற்சி செய்து பார்த்தேன். முழங்கால் வரை வருகிறது. அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றார். “என்னப்பா, மூட்டையைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிட்டு இருக்கே?” என்றார்.

உன் தொழில் இது. படம் இருந்துவிட்டுப் போகட்டும், நான் வாயைத் திறக்கவில்லை. பதிலுக்கு எனக்குத் தூக்கக் கற்றுக்கொடு.

தம்பி (போதுமா?)


3 மார்ச்

தம்பிக்கு,

இப்போதுதான் மனுஷன் மாதிரி எழுதியிருக்கிறாய். சொல்லித் தருகிறேன். கவனமாகப் படி.

கோழியை வெட்டிப் பார்த்திருப்பாய். தொடைக் கறி சிவப்பு, நெஞ்சுக் கறி வெளுப்பு. கோழி நாளெல்லாம் நடக்கிறது, அதனால் தொடையில் இருப்பது மெது இழை. ரத்தம் நிறைய ஓடும், களைக்காது, பருக்கவும் செய்யாது. சிறகை எப்போதாவது படபடவென்று அடிக்கிறது. அங்கே இருப்பது வேக இழை. ஒரு நொடியில் முழுப் பலத்தையும் கொட்டும், உடனே தீர்ந்துபோகும். பருத்துத் திரள்வதும் அதுதான். மனிதனுக்கும் ஒவ்வொரு தசையிலும் இரண்டும் கலந்து கிடக்கிறது. நீ பிறவியிலேயே தொடைக் கறி. நான் நெஞ்சுக் கறி. அதனால்தான் உன்னால் நாள் முழுக்கச் சுமக்க முடிகிறது, தரையிலிருந்து ஒரு தடவை தூக்க முடியவில்லை.

இனி பயிற்சி. கனமானதைத் தொடாதே. உன் மெது இழையை முதலில் ஒட்ட ஒட்டக் களைக்க வைக்க வேண்டும். அது விழுந்தால்தான் வேக இழை எழுந்து வரும். வேலை முடிந்து வந்ததும் தண்டால், உட்கார்ந்து எழுகிற பஸ்கி, தண்ணீர்க் குடத்தைத் தோளுக்கு ஏற்றி இறக்குவது. எண்ணாதே. கை நடுங்கி விழும்வரை செய். நடுவில் மூச்சு வாங்க மட்டும் நில். தினமும் செய், ஒரு நாளும் விடாதே.

ஓய்வு என்று நான் போன கடிதத்தில் எழுதியது நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு. உன் உடம்பு பழகின உடம்பு. சாப்பாட்டைக் கூட்டாதே. தொப்பை விழுந்தால் குனிய முடியாது. ராத்திரி பாதிச் சாப்பாடு போதும்.

மாதம் ஒரு தடவை எங்கள் படக்காரரை அனுப்பி உன்னைப் படம் எடுக்கச் சொல்கிறேன். உன் முன்னேற்றத்தைப் பார்த்தால்தான் பயிற்சியை மாற்ற முடியும். அதே சுவர், அதே நீல டவுசர். மறக்காதே.

அண்ணன்


27 மார்ச்

மாஸ்டருக்கு,

சொன்னபடியெல்லாம் செய்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாம் என்று ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொன்னார்கள். ஒரு கோழியை இரண்டாக வெட்டினால் ஒரு பாதி முழுக்கத் தொடையும் மறுபாதி முழுக்க நெஞ்சுமாகவா வரும்? மொட்டையிடம் சொன்னேன். “உங்கண்ணன் நெஞ்சுக் கறின்னா, நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு கேளு” என்றான். கோபித்துக்கொள்ளாதே.

உன் படக்காரர் நேற்று வந்தார். நல்ல மனுஷர், ஆனால் வேடிக்கையாகப் பேசுகிறார். முதல் மாதப் படம்தானே, நான் பாட்டுக்கு நின்றேன். “நிமிந்து நில்லுங்க சார். மூச்ச இழுத்துப் பிடிங்க. நெஞ்ச தூக்குங்க. சிரிங்க சார், நல்லா சிரிங்க!” என்றார். “இன்னும் ஒண்ணுமே வளரலையேங்க, எதுக்குச் சிரிக்கணும்?” என்று கேட்டேன். “மாஸ்டர் அப்படித்தான் எடுக்கச் சொன்னாரு” என்றார். சரி என்று சிரித்தேன். உடம்பில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டார். முதுகில் கை படக் கூச்சமாக இருந்தது. சுமை இல்லாமல் யாரும் என் முதுகைத் தொட்டதில்லை.

உடம்பெல்லாம் வலி. காலையில் முதல் மூட்டையின்போதே தோள் எரிகிறது. இதுதான் வளர்கிற வலியா? ராத்திரி பசிக்கிறது. பாதியோடு எழுந்துவிடுகிறேன். “உங்கண்ணன் சொன்னா கிணத்துல குதிப்பீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். “இது அவன் தொழில். தொழில்ல யாராவது பொய் சொல்லுவாங்களா?” என்றேன்.

குடத்தை இப்போது வேகமாகத் தூக்குகிறேன். மூட்டை இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை.

தம்பி


6 ஏப்ரல்

தம்பிக்கு,

பேச்சில் நீ எப்போதுமே கெட்டிக்காரன். பேச்சால் மூட்டை ஏறினால் இந்நேரம் நீ மேஸ்திரி ஆகியிருப்பாய்.

பிறந்தபோது ஒரே மாதிரி இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு நீ இருபது வருடத்துக்கு மேல் நத்தை மாதிரி முதுகில் சுமந்துகொண்டே நடந்திருக்கிறாய். உன் வேக இழையெல்லாம் வேகத்தை மறந்துவிட்டது. அதை எழுப்ப நேரம் ஆகும். வலிக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம். கூட்டு. காலையில் கிடங்குக்குப் போவதற்கு முன்னாலும் ஒரு சுற்று போடு.

படம் நன்றாக வந்திருக்கிறது. முதலாளி பார்த்தார். உன் சிரிப்பு அவருக்குப் பிடித்துவிட்டது.

இதை யாரிடமும் சொல்லாதே. எனக்கும் சுகமான நாள் இல்லை. ‘பின்பு’ படம் நான்கு வருடத்துக்கு முந்தியது. இடுப்பு இப்போது அப்படி இல்லை. முதலாளி புதிதாகச் சேர்ந்த ஒரு பையனை அடிக்கடி கூப்பிட்டுத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்க்கிறார். உன் ஊர்க் கிளை ஓடாவிட்டால் அடுத்த பலகையில் அவன் முகம்தான். நாற்பது வயதை நெருங்குகிற பயிற்சியாளனுக்கு இந்த உலகத்தில் என்ன வேலை இருக்கிறது, சொல்? உனக்காவது மூட்டை இருக்கிறது.

சாப்பாட்டைக் கூட்டாதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

அண்ணன்


10 மே

மாஸ்டருக்கு,

இடது கை மோதிர விரலில் பாதி போய்விட்டது.

லாரியின் பின்கதவைத் தூக்கிக் கொண்டி மாட்டுகிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்றைக்குக் காலையில் நீ சொன்ன சுற்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். கதவு பாதியில் நிற்கும்போது கை நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. கதவு இறங்கிவிட்டது. சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரியும். மொட்டை கீழே குனிந்து எதையோ தேடினான். என்ன தேடுகிறான் என்று கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா விரலைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். “ஏன் இப்படி இளைச்சிருக்கீங்க? சர்க்கரையா? காசநோயா? வீட்ல சாப்பாடு இருக்குல்ல?” என்றார். உடற்பயிற்சி செய்கிறேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்த வேலைக்கு மேல பயிற்சியா? யாருங்க சொன்னது?” என் அண்ணன் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. உனக்காகத்தான்.

கட்டோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் உன் படக்காரர். இன்றைக்கு வேண்டாம் என்றேன். “அஞ்சு நிமிஷம் சார். சிரிக்க வேண்டாம், போன மாசம் மாதிரி பாதிச் சிரிப்பும் வேண்டாம். இன்னைக்குச் சும்மா நில்லுங்க, போதும்” என்றார். சும்மா நின்றேன்.

என் மனைவி டவுசரைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். இடுப்பில் நிற்கவில்லை. வளர்வதற்கு முன்னால் இப்படித்தான் இளைக்குமா? தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நிறுத்திவிட்டுச் சாப்பிடட்டுமா? உண்மையைச் சொல். இதில் மட்டும் உண்மையைச் சொல்.

தம்பி


19 மே

தம்பிக்கு,

கேள்விப்பட்டு வருத்தமாக இருந்தது. கவனமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தைரியமாக இரு. விரலில் தசையே கிடையாது. விரலை ஆட்டுகிற தசை முழங்கைக்குக் கீழே இருக்கிறது, அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண் வந்து இழுக்கிறது, அவ்வளவுதான். எனவே நம் பயிற்சிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

நடுவில் நிறுத்தினால் இதுவரை பட்டதெல்லாம் வீண். தொடர்ந்து செய். இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது.

அண்ணன்


20 ஜூன்

மாஸ்டருக்கு,

தேர்வு முடிந்தது.

கிடங்கு வாசலில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டை. புதுக் கம்பெனி ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேஸ்திரி. மொட்டை எனக்கு முன்னால் போனான். அவன் ஒரு பயிற்சியும் செய்யவில்லை. இரண்டு வாரமாக மாமியார் வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து தின்றான், உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுத் தூங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் தோளுக்குக் கொண்டுபோய்விட்டான். எல்லாரும் விசில் அடித்தார்கள்.

நான் குனிந்தேன். “முன்பு! முன்பு! முன்பு!” என்று கைதட்டினார்கள். கிண்டலுக்கு இல்லை மாஸ்டர், அன்றைக்கு நிஜமாகவே நான் தூக்க வேண்டும் என்று கைதட்டினார்கள். பிப்ரவரியில் முழங்கால் வரைக்கும் வந்த மூட்டை. அன்றைக்குத் தரையை விட்டே எழவில்லை. இழுத்தேன். கண் இருட்டியது. கைதட்டு ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் ஒரே ஒருவன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தான், அப்புறம் அவனும் நிறுத்தினான்.

“போதும்பா, விடு” என்றார் மேஸ்திரி. நான் விடவில்லை. “விடுன்னு சொல்றேன்ல” என்று வந்து என் விரல்களைப் பிரித்தார். அரை விரலைப் பிரிக்கும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் தயங்கியது.

நாற்காலிக்காரர் மொட்டையிடம், “இவருக்கு என்ன வியாதி?” என்று கேட்டார்.

சாயந்திரம் உன் படக்காரர் வந்துவிட்டார். அவருக்கு யார் நாள் சொல்கிறார்கள்? “தோளைத் தொங்கவிடுங்க சார்” என்றார். நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறையை அடுத்த மாதம் பாதிக்குள் காலி செய்ய வேண்டும். நான் எதைத் தவறாகச் செய்தேன்? எழுது.

தம்பி


1 ஜூலை

தம்பிக்கு,

நடந்தது நடந்துவிட்டது. எல்லாருக்கும் எல்லாம் வராது. சில உடம்பு வளரும், சில உடம்பு வளராது.

உன்னைத் தெருவில் விட்டுவிட மாட்டேன். முதலாளியிடம் பேசினேன். உன் ஊர்க் கிளையில் ஒரு இடம் இருக்கிறது. துண்டு துவைத்து மடித்து அடுக்குகிற வேலை. உள்ளறை, பின்வாசல் தனியாக இருக்கிறது. அங்கேயே படுத்துக்கொள்ளலாம்.

மூன்று விஷயம் மட்டும். முகத்தை மறைக்கிற மாதிரித் தாடி வளர்த்துக்கொள். வாடிக்கையாளர்கள் இருக்கிற நேரத்தில் வெளியே வராதே. நான் அந்தக் கிளைக்கு வாரம் ஒரு நாள் வருவேன், அன்றைக்கு லீவு எடுத்துக்கொள். நம் இரண்டு பேரையும் சேர்த்து யாராவது பார்த்தால் பலகைக்கு அர்த்தமே போய்விடும். உனக்குப் புரியும்.

மனைவிக்கும் அங்கேயே கூட்டுகிற வேலை கேட்டுப் பார்க்கிறேன்.

அண்ணன்


14 ஜூலை

மாஸ்டருக்கு,

நான் எதைத் தவறாகச் செய்தேன் என்பதற்கு நீ பதில் எழுதவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே எழுதிவைத்திருக்கிறாய். நேற்றுப் படித்தேன்.

சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு என் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மொட்டைதான் வண்டியைத் தள்ளினான். என்னால் தள்ள முடியவில்லை. திடீரென்று நிறுத்தி, “மச்சான், மேல பாக்காத” என்றான். பார்த்தேன்.

பழைய பலகையை எடுத்துவிட்டீர்கள். சந்தோஷம். புதுப் பலகை அதைவிட நீளம். ஐந்து படம். அதே சுவர், அதே நீல டவுசர். ‘வாரம் வாரமாக வளர்ந்த கதை’ என்று தலைப்பு. கடைசிப் படம் நீ. மற்ற நாலும் நான்.

முதலில் இருப்பது ஜூனில் எடுத்தது, தேர்வு அன்றைக்குச் சாயந்திரம். அடுத்தது மே மாதம், கையில் கட்டு. அதற்கடுத்தது ஏப்ரல், பாதிச் சிரிப்பு. நாலாவது மார்ச், எண்ணெய் தடவி, நெஞ்சைத் தூக்கி, பல் தெரியச் சிரிக்கிறேன். அதற்குப் பிறகு அம்புக்குறி, அதற்குப் பிறகு நீ.

வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறாய்.

என் மனைவிதான் முதலில் விரலைப் பார்த்தாள். “ஏங்க, முதல் படத்துல அரை விரல், ரெண்டாவதுல கட்டு, மூணாவதுல முழு விரல்” என்றாள். உங்கள் ஜிம்மில் சேர்ந்தால் தசை மட்டுமில்லை, விரலும் முளைக்கும் போலிருக்கிறது. நடுத்தெருவில் நின்று சிரித்தோம். மூன்று பேரும் சிரித்தோம். மொட்டை முதலில் நிறுத்தினான், “அவன் கையில கெடச்சா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் வண்டியைத் தள்ளினான்.

பிறகு உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடியும் படித்தேன். ‘தசை வேலையில் வளர்வதில்லை. சாப்பிட்டுப் படுத்தால் கட்டிலில் வளர்கிறது.’ கோபத்தில் எழுதினாய், அதனால் உண்மையை எழுதிவிட்டாய். நான் உதவி கேட்ட பிறகு ஓய்வையும் பிடுங்கினாய், சாப்பாட்டையும் பிடுங்கினாய். வளரவைக்கத் தெரிந்தவனுக்குத்தானே தேயவைக்கவும் தெரியும். என் தேய்மானம்தான் உனக்குத் தேவையாக இருந்தது. மாதா மாதம் ஆள் அனுப்பி அறுவடை செய்தாய். முதல் மாதமே ஏன் சிரிக்கச் சொன்னாய் என்று இப்போதுதான் புரிகிறது. அது உனக்குக் கடைசி மாதம்.

தொடைக் கறி, நெஞ்சுக் கறி என்று கதை விட்டாய். நமக்குள் ஒரே ஒரு வித்தியாசம்தான் மாஸ்டர். உனக்கு முட்டையும் தூக்கமும் கிடைத்தது. எனக்கு நீ கிடைத்தாய்.

துண்டு மடிக்க நான் வரவில்லை. தாடியும் வளர்க்க மாட்டேன். உன் பணம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். நீ மன்னிப்புக் கேட்டால் அதையும் படம் எடுத்துப் பலகையில் ஒட்டுவாய்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். படங்களை நடந்த வரிசையில் ஒட்டு. மார்ச் முதலில், ஜூன் கடைசியில். அம்புக்குறி இருக்கட்டும், சரியான பக்கம்தான் காட்டுகிறது. ஜிம்மின் பேரும் இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் உன் பேரையும் போடு. உன் படம் தேவையில்லை.

முன்பு


9 ஆகஸ்ட்

மாஸ்டருக்கு,

ஜூலைக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். சீட்டு எனக்குத் திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து இந்தத் தடவை வரவேற்புப் பெண்ணுடையது இல்லை, உன்னுடையது.

பேருந்து நிலையத்தில் கைப்பை தூக்கிக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். கைப்பைதான், அதற்கே இரண்டு தடவை இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது. எதிரே பலகை. விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை கீழே இருக்கிற நான் மேலே இருக்கிற என்னையும், மேலே இருக்கிற நான் கீழே இருக்கிற என்னையும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

நேற்று ஒரு பெரியவர் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார். “தம்பி, அந்த முதல் படத்துல இருக்கவர் மாதிரியே இருக்கீங்களே” என்றார். ஆமாம் என்றேன். என் தோளைத் தட்டினார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் தட்டினார். “மனசத் தளர விடாதீங்க. அங்க போய்ச் சேருங்க. உழைச்சா பன்னெண்டு வாரத்துல சரியாயிடும்” என்றார்.

அவர் போன பிறகு பலகைக்குக் கீழே போய் நின்றேன். அங்கேயே திறந்திருக்கிற உங்கள் கிளையில் சேர ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். என்னைப் போன்ற ஆட்களும் நிற்கிறார்கள், வேலை முடிந்த கையோடு, தோளில் தூசியோடு. முன்னால் நிற்பவர்களுக்கு நான் கையை விரித்துக் காட்டுகிறேன். அவர்கள் விரலைப் பார்க்கிறார்கள், பலகையைப் பார்க்கிறார்கள், வரிசையில் ஒரு அடி முன்னால் போகிறார்கள்.

படங்களின் வரிசையை மாற்றச் சொல்லி இது மூன்றாவது கடிதம். இரண்டாவதை வெறும் ஒரு வரியாக அனுப்பினேன், அதையும் நீதான் வாங்கினாய். எனவே இதையும் வாங்குவாய், பிரிப்பாய், நின்றபடியே படிப்பாய்.

வரிசையை மாற்று.